பேச்சில் வந்தது பாலிசியில் இருக்காது
வாசகர் கேள்வி – பதில்: மூத்தோர் மருத்துவக் காப்பீடும் தொலைபேசி மோசடியும்

அப்பா அம்மாவுக்கு எந்த மருத்துவக் காப்பீடு எடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: "இப்படி ஒரு போன் வந்தது, நம்பலாமா?" அதனால் இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கும்பகோணம் வாசகி: அப்பாவுக்கு 68 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இதுவரை காப்பீடு எடுத்ததே இல்லை. ஒரு ஏஜென்ட் "65 தாண்டிவிட்டதால் கிடைக்காது" என்கிறார். இன்னொருவர் "எல்லாமே கவர் ஆகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியில்லை. புதிதாகப் பாலிசி எடுக்க 65 வயதுதான் எல்லை என்ற பழைய வழக்கத்தை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டது. எல்லா வயதினருக்கும் நிறுவனங்கள் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் அப்பாவின் மருத்துவ அறிக்கைகளைப் பார்த்து ஏற்பதா, கூடுதல் பிரீமியம் கேட்பதா, மறுப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. ஒரு நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். இதய நோயாளிகளுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

"எல்லாமே கவர் ஆகும்" என்பதற்கு வருவோம். சர்க்கரையும் ஸ்டென்ட்டும் "ஏற்கெனவே உள்ள நோய்" என்ற கணக்கில் வரும். அதற்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 ஆக இருந்தது. 36 என்பது உச்ச வரம்புதான். 24 மாதம், 12 மாதம் என்று வைத்திருக்கும் திட்டங்களும், கூடுதல் பணம் கட்டினால் குறைத்துத் தரும் திட்டங்களும் இருக்கின்றன. ஸ்டென்ட் வைத்த 68 வயதுக்காரருக்கு இந்த ஒரு வரிதான் மற்ற எதையும்விட முக்கியம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாகப் பெரும்பாலும் 24 மாதக் காத்திருப்பு இருக்கும். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறெதற்கும் கிளெய்ம் கிடையாது.

பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: கோ-பே (ஏற்ற தொகையில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு), அறை வாடகை வரம்பு, நோய்வாரியான உள்வரம்பு (ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்ற உச்சத் தொகை). மூத்தோர் பாலிசியில் பணம் கசிவது இந்த மூன்று ஓட்டைகளில்தான். அறை வாடகை வரம்பை வெறும் வாடகை விஷயம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5 லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். கோ-பே 20 சதவீதம். நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய். தங்கியது 4 நாள். வாடகை 32,000-இல் நிறுவனம் ஏற்பது 20,000. அதோடு நிற்காது. எட்டுக்கு ஐந்து என்ற அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்சிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். அவை 1,20,000 என்றால் 75,000 ஆகிவிடும். மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்வைப்புச் சாதனங்கள், பரிசோதனைகள், ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது விதி. ஆகவே 90,000 ரூபாய் மருந்தும் சாதனமும் முழுதாக நிற்கும். மொத்த பில் 2,42,000. ஏற்றது 1,85,000. அதில் 20 சதவீதம் கோ-பே 37,000 போக, வருவது 1,48,000. உங்கள் கையிலிருந்து 94,000. நாளைக்கு 3,000 ரூபாய் கூடுதலான அறைக்குப் போனதன் நேரடி வித்தியாசம் 12,000 மட்டுமே. அது இழுத்துக்கொண்டு போனது இன்னொரு 45,000.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். அறை வரம்பே இல்லாத, அல்லது "தனி ஏ.சி. அறை" என்று வகையால் மட்டும் வரம்பு வைத்த திட்டம் கிடைத்தால், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அதை எடுங்கள். வரம்புள்ள பாலிசிதான் கையில் இருக்கிறது என்றால், அட்மிஷன் கவுன்டரில் முதலில் கேட்க வேண்டியது "வரம்புக்குள் எந்த அறை காலியாக இருக்கிறது?" என்பதுதான். டாக்டர் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உங்களோடும் குழந்தைகளோடும் சேர்த்து அப்பாவையும் ஒரே குடும்ப ஃப்ளோட்டரில் (ஒரே தொகையைக் குடும்பமே பகிரும் பாலிசியில்) போடாதீர்கள். அதில் பிரீமியம் மூத்தவர் வயதை வைத்துத்தான் ஏறும். அவருக்குத் தனியாக எடுங்கள்.

கடைசியாக, "வாடிக்கையாளர் தகவல் தாள்" என்று ஒன்று பாலிசியோடு வரும். காத்திருப்பு, கோ-பே, வரம்புகள், புகார் முகவரி எல்லாம் சில பக்கங்களில் சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஏஜென்ட் சொன்ன ஒரு வசதி அந்தத் தாளில் இல்லையென்றால், அப்படி ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வாசகர்: "சர்க்கரையை எழுதினால் பிரீமியம் ஏறும், விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் ஏஜென்ட். விடலாமா?

விடாதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. ஆஸ்பத்திரியில் சேரும்போது டாக்டர் கேட்பார், "சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" "பத்து வருஷமா" என்று நோயாளியே சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். கிளெய்ம் போகும், சில சமயம் பாலிசியும் சேர்ந்து போகும்.

தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது, நிரூபிக்கப்பட்ட மோசடியைத் தவிர என்று ஒரு விதி உண்டு. சில ஏஜென்ட்கள் இதைக் காட்டித்தான் மறைக்கச் சொல்கிறார்கள். 68 வயதில் ஐந்து வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்போம் என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம் அது.

விண்ணப்பத்தை ஏஜென்ட் தன் செல்போனில் நிரப்பினால், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு "ஆம் / இல்லை"யையும் நீங்களே பாருங்கள். மாத்திரைப் பெயர்கள், ஆபரேஷன் ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். பாலிசி வந்ததும் அதோடு இணைத்த விண்ணப்ப நகலைத் திரும்பப் படியுங்கள். தவறாக இருந்தால் உடனே மின்னஞ்சலில் திருத்தச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்ற சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும்.

"என் கமிஷனில் பாதியைத் தருகிறேன்" என்று அதே ஏஜென்ட் சொன்னால் அதுவும் 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி தவறுதான்.

மதுரை வாசகர்: தனியார் நிறுவனத்தில் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. இப்போது கம்பெனி குரூப் பாலிசி என்னையும் மனைவியையும் காப்பாற்றுகிறது. அதன் பிறகு?

ஓய்வு பெறும் நாளில் அது நின்றுவிடும்; பலருக்கு அன்றுதான் இது உறைக்கிறது. இப்போதே இரண்டு வழியில் எதையாவது தொடங்குங்கள்.

ஒன்று, குரூப் பாலிசி கொடுத்த அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவது. இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். குரூப் உறுப்பினராக எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று எச்.ஆர். பிரிவிடம் கடிதம் வாங்கி வையுங்கள். வேலையை விட்டு வந்த பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இரண்டு, இப்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்து, வேலையில் இருக்கும்போதே காத்திருப்புக் காலத்தை ஓட்டிவிடுவது. பணம் இரட்டிப்பாகக் கட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவருக்கு இதுதான் நல்லது.

செலவைக் குறைக்க, 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி, அதற்கு மேல் 15 அல்லது 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் என்று பிரித்துக்கொள்ளலாம். டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. 5 லட்ச வரம்புள்ள டாப்-அப், ஒரே கிளெய்ம் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் விழிக்கும். சூப்பர் டாப்-அப் அந்த வருடத்தின் எல்லா பில்களையும் கூட்டிப் பார்க்கும். மூன்று தடவை தலா 3 லட்சம் ஆனால், டாப்-அப்பில் ஒன்றும் வராது. சூப்பர் டாப்-அப்பில் 4 லட்சம் வரும். வயதானவர்களுக்கு ஒரே பெரிய செலவைவிட அடுத்தடுத்த அட்மிஷன்கள்தான் அதிகம் என்பதால், 'சூப்பர்' என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்து வாங்குங்கள்.

பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு விண்ணப்பியுங்கள். புது நிறுவனம் மறுக்கலாம் என்பதால் அதன் பதில் வரும்வரை பழைய பாலிசியைக் கைவிடாதீர்கள். தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

நாகர்கோவில் வாசகர்: எனக்கு 71. பிரீமியத்தை ஒரேயடியாக ஏற்றியிருக்கிறார்கள். கேட்க முடியுமா?

முடியும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொண்ட பிறகே ஏற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. கட்டண மாற்றத்தால் எவ்வளவு, வயதுப் பிரிவு மாறியதால் எவ்வளவு, போனஸ் தள்ளுபடி போனதால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, உங்கள் புதுப்பிப்பு நோட்டீஸில் 18 சதவீத வரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பதில் வருவதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் இத்தனை வருடத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

சேலம் வாசகி: அரசுக் காப்பீடு இருக்கும்போது தனியார் பாலிசி எதற்கு? என் மாமியாருக்கு 73.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய 'வய வந்தனா' அட்டை 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், 5 லட்சம் வரை. காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் சேரலாம். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் திட்டம்), இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் திட்டம்) போன்றவை உள்ளவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விவரத்துக்கு 14555.

இரண்டிலும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் பலன். ஆகவே அட்டையைப் பையில் வைப்பதற்கு முன், மாமியார் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் "இந்த அட்டையை இங்கே எடுப்பீர்களா, எந்தெந்தப் பிரிவுக்கு?" என்று கேளுங்கள். எடுக்கிறார்கள் என்றால், 73 வயதில் புதிதாகத் தனியார் பாலிசிக்குக் கொட்டும் பணத்தை யோசித்துச் செய்யலாம். இந்த அட்டைகளுக்குக் கட்டணம் இல்லை. "அட்டை ரெடி, 499 ரூபாய் அனுப்புங்க" என்று வரும் போன் எதுவும் அரசிடமிருந்து வருவதல்ல.

கோவை வாசகர்: "ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆபீசிலிருந்து பேசுகிறோம். உங்கள் பழைய ஆயுள் பாலிசியின் போனஸ் 3,80,000 ஏஜென்ட் கோடில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. 28,000 கட்டினால் விடுவிப்போம்" என்கிறார்கள். பாலிசி எண், நாமினி பெயர், பிரீமியத் தொகை எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். எப்படி நம்பாமல் இருப்பது?

சரியாகச் சொல்வதுதான் இந்த மோசடியின் முதலீடு. உங்கள் பாலிசி எண் ஏஜென்டின் டைரியில், பிரீமிய ரசீதில், ஜெராக்ஸ் கடையில், எத்தனையோ இடங்களில் போய்வந்திருக்கிறது. அது தெரிந்திருப்பது ஒருவர் அதிகாரி என்பதற்குச் சான்று ஆகாது.

இந்தக் கதை எப்படி நகரும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதல் போன் பணமே கேட்காது. "உங்களுக்கு வரவேண்டியது இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லும். இரண்டு நாள் கழித்து "மேலதிகாரி" பேசுவார்; வாட்ஸ்அப்பில் முத்திரை வைத்த கடிதம் வரும். பிறகு சிறிய தொகை கேட்பார்கள், பெயர் ஜி.எஸ்.டி., கோப்புக் கட்டணம், ஏஜென்ட் கோடு நீக்கும் கட்டணம் என்று எதுவாகவும் இருக்கும். கட்டியதும் அடுத்த கட்டணம் முளைக்கும். கட்டிய பணத்தை விட மனமில்லாமல்தான் பலர் ஐந்தாவது, ஆறாவது தவணை வரை போகிறார்கள். சில சமயம் பணத்துக்குப் பதிலாகப் புதுப் பாலிசி ஒன்றை எடுக்க வைப்பார்கள். பாலிசி உண்மையாகவே வரும். ஆனால் உங்களுக்குச் சொன்ன போனஸ் அதில் இருக்காது. அப்படி வந்திருந்தால், 30 நாள் கடப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, பொதுமக்களுக்கு போன் செய்து பணம் கேட்பதும் இல்லை. ஆயுள் பாலிசியின் போனஸ் முதிர்வுத் தொகை, சரண்டர் தொகை, இறப்புத் தொகை இவற்றோடு சேர்ந்து வருவது. அதை வாங்க நீங்கள் முன்பணம் கட்ட வேண்டியதே இல்லை.

உண்மையிலேயே வாங்காத தொகை இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் கோரப்படாத தொகையைத் தேடும் வசதி வைத்திருக்க வேண்டும். பாலிசி எண், பிறந்த தேதி, பான் போன்ற விவரம் கொடுத்தால் போதும். பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்த தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போயிருக்கும். போன பிறகும் 25 வருடம் வரை அந்த நிறுவனத்தின் வழியாகவே கேட்டு வாங்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

வந்த எண்ணையும் கவனியுங்கள். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் 1600 வரிசைக்கு மாற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து "ஹெட் ஆபீஸ்" பேசினால் அங்கேயே வைத்துவிடலாம். எந்த எண்ணாக இருந்தாலும் பழக்கம் ஒன்றே: வைத்துவிட்டு, பாலிசிப் பத்திரத்தில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்கள் போன் செய்யுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி எடுக்க வேண்டாம். அங்கேயும் போலி எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள். பணம் போகாவிட்டாலும் அந்த அழைப்பை 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யலாம்.

தஞ்சாவூர் வாசகி: அம்மா தனியாக இருக்கிறார். "உங்கள் ஆதாரில் எடுத்த சிம் குற்றத்தில் சிக்கியிருக்கிறது, வீடியோ காலை வைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது" என்று ஒரு "போலீஸ் அதிகாரி" நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டார். அம்மாவுக்கு என்ன சொல்லி வைப்பது?

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. காவல்துறை விசாரணைக்கு அழைத்தால் நோட்டீஸை நேரில்தான் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்களை, விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி வழியே மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு தவிர, சூரியன் மறைந்த பின் கைதுகூடச் செய்ய முடியாது. பணத்தை "சரிபார்க்க" ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்லும் நடைமுறை ரிசர்வ் வங்கியிலோ நீதிமன்றத்திலோ கிடையாது. டிராய் யாருடைய தனி இணைப்பையும் துண்டிப்பதில்லை.

இவ்வளவையும் அம்மா நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. பயத்தில் சட்டம் ஞாபகம் வராது. அவருக்கு ஒரே ஒரு வாசகம் சொல்லிப் பழக்குங்கள்: "என் பொண்ணுகிட்ட பேசிட்டுச் சொல்றேன்." உண்மையான அதிகாரி அதற்குத் தடை சொல்ல மாட்டார். "யாரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தை வந்த நொடியில் போனை வைத்துவிடலாம்.

வங்கியில் போய் வைப்புத்தொகையை உடைக்கச் சொல்வார்கள்; மேனேஜர் கேட்டால் "பேத்தி கல்யாணம்" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தும் அனுப்புவார்கள். அம்மா கணக்கு வைத்திருக்கும் கிளையில் நேரில் போய், பெரிய தொகை எடுக்க வந்தால் உங்களுக்கு ஒரு போன் போடும்படி சொல்லி வையுங்கள். சிறு ஊர்க் கிளைகளில் இது நன்றாகவே வேலை செய்யும்.

ஈரோடு வாசகர்: பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். அழுவதற்கும் திட்டுவதற்கும் முன் அந்த எண். போன பணம் முதல் கணக்கில் நிற்காது. நிமிடங்களில் பிறரிடம் வாடகைக்கு வாங்கிய நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும். 1930-இல் புகார் பதிவானதும், பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சமிருப்பதை முடக்குவார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மதிப்பு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் (யு.பி.ஐ. என்றால் 12 இலக்கம்), வந்த போன் எண். ஒரே மோசடியில் ஐந்து தடவை அனுப்பியிருந்தால் ஐந்தையும் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்கு போன் செய்து கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தி, புகார் எண் வாங்குங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன் தளத்தில் முழு விவரம், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

அவர்கள் சொல்லி ஏதாவது செயலியை இறக்கியிருந்தால், அல்லது வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறந்திருந்தால், அந்தப் போனிலிருந்து எதுவும் செய்யாதீர்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனில் 1930-ஐக் கூப்பிடுங்கள். அந்தக் கோப்பு ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை அப்படியே அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பின் எண்ணை மாற்றினாலும் பயனில்லை. புகார் வேலை முடிந்தபின் போனை ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள்.

வங்கி திருப்பித் தருமா? ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் தவறு எதுவும் இல்லாமல் நடந்திருந்து, வங்கி தகவல் தந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்களுடையதல்ல. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் கணக்கு. புகாருக்குப் பிறகு போனது வங்கியின் கணக்கு. முடக்கிய பணத்தைப் பொதுவாகக் காவல்துறை வழியே நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் வாங்க வேண்டியிருக்கும். அது மெதுவாகத்தான் நடக்கும். அந்த இடைவெளியில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 10 சதவீதம் முன்பணம்" என்று ஒரு போன் வரும். அது அதே கும்பலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூர் வாசகர்: பெற்றோர் சிவகாசியில். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அவர்கள் போனில் என்னென்ன செய்து வைக்கலாம்?

ஒரு மத்தியான வேலைதான். ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள கணக்கிலிருந்து யு.பி.ஐ.யைப் பிரித்து, பால், மளிகைக்கென்று சில ஆயிரம் மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கில் வையுங்கள். நாள் வரம்பையும் குறையுங்கள். வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பணம் வாங்க யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். இதை ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டியே புரியவைத்துவிடலாம்.

போன் செட்டிங்ஸில் 'தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி' என்பதை வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, தெரியாத அழைப்புகளை ஒலியடக்குங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைப்பகிர்வுச் செயலிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் அது அவர்களுடைய அழைப்புகளைத் திருப்பிவிடும் வேலை. ஏற்கெனவே செய்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் ##002# டயல் செய்தால் எல்லா அழைப்புத் திருப்பலும் ரத்தாகும்.

ஆதார் கைரேகையைப் பூட்டி வைப்பது நல்லது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடி நிற்கும். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதும், உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும்போதும் தற்காலிகமாகத் திறக்கத் தெரிந்தவர் யாராவது அருகில் இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் பூட்டாதீர்கள். அப்பா கடையில் நின்று திண்டாடுவார். உயிர்வாழ்வுச் சான்றை (ஜீவன் பிரமாண்) முகப் பதிவு மூலம் வீட்டிலிருந்தே தரலாம். "ஜீவன் பிரமாண் நாங்கள் போனிலேயே முடித்துத் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று எந்த ஓய்வூதிய அலுவலகமும் கேட்காது.

உங்கள் குரலிலேயே "அப்பா, மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்புங்க" என்று போன் வரலாம். குரலை நகலெடுப்பது இப்போது சுலபம். குடும்பத்துக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாடகை வீட்டுக்காரர் பெயர், செத்துப்போன பசுவின் பெயர், எதுவானாலும் சரி. ஃபேஸ்புக்கில் இல்லாததாக இருக்க வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: டாக்டர் காலையில் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். காப்பீட்டு ஒப்புதல் வர இரவாகிவிட்டது. இதற்கு விதி எதுவும் இல்லையா?

இருக்கிறது. கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே ஆஸ்பத்திரிக்குக் கட்டும் முறை) முன் ஒப்புதலுக்கு 1 மணி நேரம். டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து போன பின் இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரம். அதைத் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். இது 2024 மே மாத உத்தரவு. சூட்சுமம் எங்கே என்றால், கடிகாரம் டாக்டர் கையெழுத்திலிருந்து ஓடுவதில்லை. ஆஸ்பத்திரி கோப்பை அனுப்பியதிலிருந்து ஓடுகிறது. பெரும்பாலான தாமதம் பில்லிங் பிரிவு கோப்பை அனுப்பும் வரைக்கும்தான். "எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே தற்காலிக பில் போடச் சொல்லுங்கள்.

கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளெய்ம் மறுப்பு அல்ல. நீங்கள் கட்டிவிட்டு, பிறகு நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போகலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்த பில், மருந்துச் சீட்டோடு சேர்ந்த மருந்து பில், பரிசோதனை அறிக்கைகள், ஸ்டென்ட் போன்றவற்றின் ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். ஸ்டிக்கரைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

முழுதாக மறுத்தால் பாலிசியின் எந்தப் பிரிவுப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. பதிலில் திருப்தி இல்லை அல்லது 30 நாளில் பதிலே இல்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). இடையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' புகார் தளத்திலும் (தொலைபேசி 155255) பதியலாம். தமிழ்நாட்டுக்கு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில். 50 லட்சம் வரையான வழக்குகளைக் கேட்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களைக் கட்டுப்படுத்தாது, நீங்கள் வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

விழுப்புரம் வாசகர்: அம்மாவுக்கு (66) பிரீமியம் நான் கட்டுகிறேன். வரிச் சலுகை எனக்கா அவருக்கா?

கட்டுபவருக்கு. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும், 80டி என்று வழக்கமாகச் சொல்லும் கழிவில், மூத்த குடிமக்களான பெற்றோருக்காக ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை. உங்கள் சொந்தப் பாலிசிக்கான வரம்பு இதற்கு மேல் தனி. அம்மாவுக்குப் பாலிசியே கிடைக்கவில்லை என்றாலும், அவருடைய மருந்து, டாக்டர் செலவை அதே 50,000-க்குள் காட்டலாம். ரொக்கமாகக் கட்டினால் செல்லாது. முழு உடல் பரிசோதனைக்கான 5,000 மட்டும் ரொக்கமாக இருக்கலாம். அதுவும் அந்த 50,000-க்குள்ளேயே அடங்கும்.